மக்கானாவுக்கு வாரியம், நத்தைக்கு நாதியில்லை

புது தில்லி: 2025 பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்ய மக்களவைக்கு வந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், மதுபனி ஓவியம் தீட்டிய புடவை அணிந்திருந்தார். அதை அவருக்குப் பரிசளித்தவர் பத்மஸ்ரீ விருது பெற்ற ஓவியர் துலாரி தேவி. பிகாரின் மிதிலைப் பகுதியில், குளத்தையும் ஏரியையும் நம்பி வாழும் மல்லா சமூகத்தில் பிறந்தவர். அன்றைய உரையில் பிகாருக்கு மக்கானா வாரியம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பு இடம்பெற்றது. பிகார் தேர்தலைக் கருதி வந்த நிதிநிலை அறிக்கை என்று எதிர்க்கட்சிகள் விமர்சித்தன. அதே ஆண்டு செப்டம்பரில் பூர்ணியாவில் பிரதமர் நரேந்திர மோடி அந்த வாரியத்தைத் தொடங்கிவைத்தார்.

மக்கானா என்பது குளத்தில் படரும் முள்செடி ஒன்றின் விதை. சேற்றிலிருந்து அதை அள்ளி, வறுத்துப் பொரிப்பவர்கள் பெரும்பாலும் மல்லா சமூகத்தினர். மிதிலா மக்கானா 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கென தர்பங்காவில் 2002ஆம் ஆண்டிலிருந்தே ஆராய்ச்சி மையம் உண்டு. இப்போது வாரியமும் வந்துவிட்டது.

மிதிலையின் குளங்களிலும் தாழ்நிலங்களிலும் இன்னொரு விளைச்சலும் உண்டு. யாரும் விதைக்காதது, யாரும் உரமிடாதது. மைதிலி மொழியில் டோக்கா என்றும், இந்தியில் கோங்கா என்றும் அழைக்கப்படும் நன்னீர் நத்தைதான் அது. நிலமில்லாத லட்சக்கணக்கான ஏழைகளுக்கு மழைக்காலத்தின் இறைச்சி அது. பல வீடுகளில் மருந்தும் அதுவே. அதற்கு வாரியமும் இல்லை, குறியீடும் இல்லை. எந்தச் சட்டத்தில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று தேடினால் கிடைக்கும் விடைகள் வியப்பளிப்பவை.

கிழக்கிலிருந்து வடகிழக்கு வரை

நத்தை உண்பது ஏதோ ஒரு மூலையின் வழக்கமன்று. மேற்கு வங்கத்தில் சிறிய நத்தைக்குக் குக்லி என்று பெயர், பெரியது ஷாமுக். ஒடிசாவில் கெண்டா. அசாமின் போடோ மக்கள் அதை உளுந்துடன் சேர்த்துச் சமைக்கிறார்கள். மணிப்பூரில் அது தரோய்; தலைநகர் இம்பாலில் ஆயிரக்கணக்கான பெண்கள் மட்டுமே கடை நடத்தும் இமா கெய்தேல் சந்தையில் தரோய் வாடிக்கையான சரக்கு. ஜார்க்கண்டின் சந்தால்களும், பிகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்திலும் நேபாளத் தராயிலும் வாழும் தாரு பழங்குடியினரும் தலைமுறை தலைமுறையாக நத்தை உண்பவர்கள். தாருக்களின் நத்தைக் கறி, நேபாளத்தின் சித்வன் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கான விருந்துணவாகவே உயர்ந்துவிட்டது. எல்லைக்கு இப்பால் அந்த மதிப்பு அதற்குக் கிட்டவில்லை.

தமிழகத்துக்கும் இது புதிதன்று. காவிரிப் படுகையின் வயல்களிலும் வாய்க்கால்களிலும் நத்தை பொறுக்கிச் சமைப்பது உழவுத் தொழிலாளர் குடும்பங்களின் பழைய வழக்கம். மூல நோய்க்கு நத்தைக் கறி நல்லது என்ற நம்பிக்கை இன்றும் அங்கே உண்டு.

வட இந்திய, கிழக்கிந்தியச் சந்தைகளுக்கு வருபவை முக்கியமாக இரு வகை நத்தைகள். ஒன்று, பைலா குளோபோசா எனப்படும் பெரிய ஆப்பிள் நத்தை. மற்றொன்று, பெல்லாமியா பெங்காலென்சிஸ் என்ற பெயரில் ஆய்வேடுகளில் அறியப்பட்ட, உடலில் வரிகள் ஓடும் சிறிய குள நத்தை.

பைலா, நீரிலும் நிலத்திலும் வாழ வல்லது. நீரில் மூச்சுவிடச் செவுளும், வெளியே மூச்சுவிட நுரையீரல் போன்ற பையும் அதற்கு உண்டு. கோடையில் குளம் வற்றும்போது ஓட்டின் வாயைக் கதவுபோல் மூடிக்கொண்டு சேற்றுக்குள் புதைந்து உறங்கும். மழை வந்ததும் வெளியே வரும். கரையோர ஈர மண்ணில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் கொத்தாக இடும். பெல்லாமியாவின் வழி வேறு. அது முட்டையை வயிற்றிலேயே பொரித்துக் குட்டி நத்தைகளாக ஈனும். கருவுற்ற நத்தையைச் சமைத்தால் குட்டிகளின் மெல்லிய ஓடுகள் பல்லில் நறநறக்கும். ஒரு நத்தையைப் பிடிக்கும்போது அடுத்த தலைமுறையும் சேர்ந்தே கூடைக்குப் போகிறது என்பதற்கு அந்த நறநறப்பே சாட்சி.

சேற்றில் தேடும் கைகள்

பிகாரில் தென்மேற்குப் பருவமழை பொதுவாக ஜூன் நடுவில் தொடங்குகிறது. நாற்று நடவு முடிந்ததும் அறுவடை வரை கூலி வேலை குறைந்துவிடும். ஆண்களில் பலர் பஞ்சாபுக்கும் தில்லிக்கும் தெற்கு நகரங்களுக்கும் ரயிலேறிவிடுகிறார்கள். ஊரில் எஞ்சும் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் இறங்கும் இடம் சவுர் எனப்படும் ஆழமில்லாத தாழ்நில ஏரிகள், ஆறு திசைமாறி விட்டுச்சென்ற மௌன் எனப்படும் வளைவு ஏரிகள், நீர் நிற்கும் நெல்வயல்கள், சாலையோரப் பள்ளங்கள்.

இதற்கு வலையோ படகோ பெரும்பாலும் தேவையில்லை. முழங்கால் அளவு நீரில் நின்று, காலால் சேற்றைத் துழாவி, கையால் எடுத்துக் கூடையில் போடுவதுதான் முறை. நாளெல்லாம் நீரில் நிற்பதால் விரலிடுக்குகள் புண்ணாகும், அட்டை கடிக்கும், உடைந்த ஓடுகள் பாதத்தைக் கிழிக்கும். எடுத்ததை வீட்டில் நல்ல நீரில் ஓர் இரவு ஊறவிட்டால் வயிற்றுச் சேற்றைக் கக்கிவிடும். பிறகு வேகவைத்து, ஊசியாலோ முள்ளாலோ சதையை இழுத்தெடுத்து, குடலை நீக்கி, கடுகும் பூண்டும் அரைத்த மசாலாவில் சமைப்பது மிதிலை வழக்கம். வங்கத்தில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேரும். வடகிழக்கில் ஓட்டின் நுனியை உடைத்து அப்படியே சமைத்து, வாயால் உறிஞ்சி உண்பார்கள்.

வீட்டுத் தேவைக்கு மேல் கிடைப்பது வாரச் சந்தைக்குப் போகிறது. வாங்க வருபவர்களும் பெரும்பாலும் ஏழைகளே. மீன் விலை எட்டாதபோது நத்தை கைகொடுக்கிறது. ஓடும் வீணாவதில்லை. அதைச் சுட்டு வெற்றிலைக்கான சுண்ணாம்பு எடுப்பது வங்கத்தின் பழைய தொழில். சதை வாத்துகளுக்குத் தீனியாகிறது. அண்டை நாடான வங்கதேசத்தின் குல்னா பகுதியில் நன்னீர் இறால் பண்ணைகளுக்குத் தீனியாக நத்தைச் சதை பெருமளவில் அள்ளப்பட்டதும், அதனால் நீர்நிலைகளில் நத்தை அருகியதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. வீட்டு உணவு, தொழிலுக்கு மூலப்பொருளாக மாறும்போது என்ன ஆகும் என்பதற்கு அது எச்சரிக்கை.

தட்டில் உள்ள அரசியல்

நத்தை பொறுக்குவோரில் பெரும்பகுதியினர் பிகாரின் சமூக அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்கள். அவர்களில் முசாஹர் சமூகம் குறிப்பிடத்தக்கது. எலி பிடித்து உண்பவர்கள் என்ற பொருளில் சாதிப் பெயரே அமைந்த சமூகம் அது. 2023ஆம் ஆண்டு வெளியான பிகார் சாதிவாரிக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் முசாஹர்கள் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்; எண்ணிக்கையில் ஏறத்தாழ 40 லட்சம். மல்லாக்கள் சுமார் 2.6 சதவீதம்.

இவ்விரு சமூகங்களுக்கும் அரசியலில் முகங்கள் இல்லாமலில்லை. கல்லுடைக்கும் தொழிலாளியாக இருந்த முசாஹர் சமூகப் பெண் பகவதி தேவி, 1996ஆம் ஆண்டில் கயா தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே சமூகத்தின் ஜீதன் ராம் மாஞ்சி 2014 மே மாதம் மாநில முதல்வரானார். 2024ஆம் ஆண்டில் கயாவிலிருந்தே வென்று மத்திய அமைச்சரானார். தாழ்த்தப்பட்டோரிலும் மிகவும் பின்தங்கியோரை மகாதலித் எனத் தனியே வகைப்படுத்த 2007ஆம் ஆண்டிலேயே நிதீஷ் குமார் அரசு ஆணையம் அமைத்தது. மல்லாக்களின் தலைவராகத் தம்மை முன்னிறுத்தும் முகேஷ் சஹானி, கூட்டணிப் பேரங்களில் தவிர்க்க முடியாதவராக இருந்துள்ளார்.

உணவும் அரசியலானது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் தேஜஸ்வி யாதவும் முகேஷ் சஹானியும் ஹெலிகாப்டரில் மீன் உண்ணும் காட்சி வெளியாகி, நவராத்திரியில் மீனா என்ற சர்ச்சை நாடு முழுவதும் எழுந்தது. 2025 நவம்பர் சட்டப்பேரவைத் தேர்தல் பிரசாரத்தில் ராகுல் காந்தி, சஹானியுடன் பெகுசராயில் ஒரு குளத்திலேயே இறங்கினார். மீன் இத்தனை மேடைகள் ஏறியும், அதே குளத்தின் நத்தை ஒரு மேடையும் ஏறவில்லை. காரணம் வெளிப்படையானது. மீன் உண்பது மிதிலையில் பெருமை. நத்தை உண்பது பல இடங்களில் ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. உண்பவர்களே அதை வெளியில் சொல்லத் தயங்கும்போது, கேட்பதற்குக் குரல் எழுவதில்லை.

ஆனால் ஊட்டச்சத்துக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பிகாரில் 5 வயதுக்கு உள்பட்ட குழந்தைகளில் 42.9 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 63.5 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களுக்கு நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் தருகிறது. 2023 ஜனவரி முதல் அது இலவசம். அரிசியும் கோதுமையும் வயிற்றை நிரப்பும்; புரதமும் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் வேறிடத்திலிருந்துதான் வர வேண்டும். இம்மூன்றும் உள்ள உணவு நத்தை. அரசின் கையிருப்பில் ஒரு மணி தானியமும் செலவாகாமல், பணமும் கைமாறாமல் ஏழையின் தட்டுக்கு வரும் புரதம் இது. அதனாலேயே எந்தக் கணக்கிலும் அது வருவதில்லை.

மருந்தா, நம்பிக்கையா?

வட பிகாரின் கோசி ஆற்றுப் படுகையில் மக்கள் நத்தையையும் சிப்பியையும் மருந்தாகப் பயன்படுத்தும் முறைகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளியானது. மூட்டுவலி, ஆஸ்துமா, கண் நோய்கள், மாலைக்கண், ஆறாத புண், உடல் தளர்ச்சி எனப் பலவற்றுக்கும் நத்தை பரிந்துரைக்கப்படுவது அதில் பதிவாகியுள்ளது. சந்தால்கள் உள்ளிட்ட பழங்குடியினரிடமும் இவ்வகை மருத்துவம் உண்டு. சதையை வேகவைத்த சாறு பலவீனர்களுக்கு. ஓட்டுச் சாம்பல் வேறு சிலவற்றுக்கு.

இந்த நம்பிக்கைகளில் எவ்வளவு உண்மை? நத்தைச் சதையின் சாற்றுக்கு வீக்கத்தைக் குறைக்கும் தன்மை இருப்பதாக ஆய்வக விலங்குகளில் நடந்த சோதனைகள் சில காட்டியுள்ளன. அதை மனிதர்களுக்கான மருந்தென்று சொல்லிவிட முடியாது. சத்துக் குறைவால் வரும் தளர்ச்சிக்குச் சத்துள்ள உணவு பலன் தருவதில் வியப்பில்லை. அதே வேளையில், ஆஸ்துமாவுக்கும் கண் நோய்க்கும் நத்தையை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து. ஆரம்ப சுகாதார நிலையம் தொலைவில் இருக்கும் ஊர்களில் குளம் அருகில் இருக்கிறது என்பதே பல நேரங்களில் இந்த மருத்துவத்தின் காரணம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தைகளில் வளர்கிறது. நத்தையைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டால் அது மனித மூளையின் உறையைத் தாக்கி அழற்சியை உண்டாக்கலாம். மருந்து என்று சொல்லிப் பச்சையாக விழுங்கும் வழக்கம் எங்கு இருந்தாலும் அது கைவிடப்பட வேண்டியதே. நன்கு கொதித்த நீரில் வேகவைப்பது இந்தக் கிருமியை அழிக்கும். ஆனால் கொதிநீர் அழிக்க முடியாதவையும் உண்டு. நத்தை அடிச்சேற்றை மேய்வது. சேற்றில் படியும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தன் உடலில் சேர்த்துவைப்பது. நீர்நிலை மாசுபட்டால் அதை முதலில் சொல்லும் உயிர்களில் நத்தையும் ஒன்று. அதை உண்பவர் அந்த மாசையும் உண்கிறார்.

குளம் சுருங்கிய கதை

நத்தைக்கு வந்த ஆபத்து, அதை எடுப்பவர்களால் மட்டும் வந்ததன்று. வெள்ளநீர் ஆண்டுதோறும் பரவி வடிவதே வட பிகாரின் தாழ்நில ஏரிகளுக்கு உயிர். 1950களின் தொடக்கத்தில் பிகாரில் இருந்த ஆற்றுக் கரைகளின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். இன்று அது 3,000 கிலோமீட்டருக்கும் மேல். இதே காலத்தில் வெள்ள அபாயப் பரப்பு 25 லட்சம் எக்டேரிலிருந்து 68 லட்சம் எக்டேருக்கு மேல் உயர்ந்ததாகக் கணக்கிடப்பட்டது. 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கோசியின் கரை உடைந்தபோது லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். ஒருபுறம் சில ஏரிகள் ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்டு வற்றின. மறுபுறம் சில நிலங்கள் வடியாத நீரில் மூழ்கின. மெதுவாக வந்து மெதுவாக வடியும் நீரை நம்பிய உயிர்களுக்கு இரண்டுமே ஒவ்வாதவை.

வயலிலோ பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் பெருகின. நெல்வயல் நீரில் கலக்கும் நஞ்சு நத்தையையும் அதன் முட்டையையும் அழிக்கிறது. வற்றிய ஏரிகள் உழவு நிலமாகின்றன. மீன் வளர்ப்புக்குக் குளத்தைத் தயார்செய்வோர், குளத்தைச் சுத்தப்படுத்துவது என்ற பெயரில் நத்தைகளை அகற்றுகிறார்கள்.

வட பிகாரின் காபர் தால் ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெகுசராய் மாவட்டத்தில் உள்ள இந்த வளைவு ஏரி, 1989ஆம் ஆண்டில் 6,300 எக்டேருக்கும் அதிகமான பரப்பில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் 2,620 எக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் சேர்ந்து, பிகாரின் முதல் ராம்சார் தலமானது. பட்டியல் வளர்ந்தது, நீர்ப்பரப்போ கோடைதோறும் சுருங்குகிறது. சரணாலய எல்லைக்குள் நிலம் வைத்திருப்போருக்கும் மீனவர்களுக்கும் வனத்துறைக்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபறி நீடிக்கிறது.

மணிப்பூரின் லோக்டாக் ஏரியின் கதையும் இதற்கு நெருக்கமானது. 105 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்காக 1983ஆம் ஆண்டில் இதாய் தடுப்பணை இயங்கத் தொடங்கியது. ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் உயர்ந்தே நின்றது. கோடையில் தரைதட்டி மண்ணிலிருந்து சத்துப் பெற்றுவந்த ஃபும்டி என்னும் மிதக்கும் தாவரத் திட்டுகள் அந்த வாய்ப்பை இழந்தன. ஆற்றிலிருந்து வலசை வந்த மீன்களின் வழி அடைபட்டது. 1990இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட லோக்டாக், மூன்றே ஆண்டுகளில், 1993இல், சீரழிவுக்குள்ளான ஈரநிலங்களின் மாண்ட்ரூ பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2006ஆம் ஆண்டின் லோக்டாக் ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2011 நவம்பரில் மிதக்கும் திட்டுகள் மீதிருந்த மீனவர் குடிசைகள் எரிக்கப்பட்டன. ஏரியைக் கெடுத்தது அணை, வெளியேற்றப்பட்டது குடிசை.

சட்டத்தின் சல்லடை

நத்தையைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001ஆம் ஆண்டில் சங்கு, சிப்பி வகைகள் சில சேர்க்கப்பட்டன. அவை கடல்வாழ் உயிர்கள். உணவாகும் நன்னீர் நத்தைகள் அதில் இல்லை. 2021 டிசம்பரில் வந்த திருத்த மசோதாவை, ஜெய்ராம் ரமேஷ் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்தது. விடுபட்ட உயிரினங்கள் பலவற்றைச் சுட்டிக்காட்டி 2022 ஏப்ரலில் அறிக்கை அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

பட்டியலில் இல்லாததால் நத்தை எடுப்பது பொதுவாகக் குற்றமன்று. ஆனால் சரணாலய எல்லைக்குள் நிலைமை வேறு. வனவிலங்கு என்ற சொல்லின் வரையறையில் முதுகெலும்பற்ற உயிர்களும் அடங்கும். சரணாலயத்திலிருந்து எந்த வனவிலங்கையும் அனுமதியின்றி அகற்றக் கூடாது என்கிறது 29ஆவது பிரிவு. அனுமதி பெற்ற கால்நடை மேய்ச்சலும், உள்ளூர் மக்கள் குடிக்கவும் வீட்டுத் தேவைக்கும் நீர் எடுப்பதும் இந்தத் தடைக்குள் வராது என்று விளக்கம் உள்ளது. தட்டில் விழும் நத்தைக்கு அப்படியொரு விளக்கம் இல்லை. காபர் தாலில் கூடையுடன் இறங்கும் பெண், சட்டத்தின் பார்வையில் எந்த நாளும் குற்றவாளியாக்கப்படக்கூடியவர். எல்லை வரையறுக்கும்போதே மக்களின் பழைய உரிமைகளைத் தொடர அனுமதிக்க 24ஆவது பிரிவில் இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறுவதற்கு எழுதப்பட்ட சான்று வேண்டும். நத்தை எடுப்போரிடம் அது எங்கே இருக்கப் போகிறது?

ஈரநிலப் பாதுகாப்பு விதிகளிலும் இதே கதைதான். 2010ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக 2017 செப்டம்பரில் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி ஆற்றின் நீரோட்டப் பகுதியும், நெல்வயலும், பாசனத்துக்கும் குடிநீருக்கும் மீன்வளர்ப்புக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளும் ஈரநிலம் என்ற வரையறைக்குள் வராது. ஏழைகள் நத்தை எடுக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த விலக்குப் பட்டியலில் உள்ளவையே.

எஞ்சியவற்றுக்கும் பாதுகாப்பு காகிதத்தில்தான். இஸ்ரோவின் வரைபடத்தில் கண்டறியப்பட்ட, 2.25 எக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களையும் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பிந்தைய வரைபடத்தில் எண்ணிக்கை 2,31,195 ஆனது. அவற்றை நேரில் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி 2024 டிசம்பரில் மாநிலங்களுக்கு நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கிடையே ராம்சார் தலங்கள் 2014இல் 26 ஆக இருந்தவை 2025இல் 90ஐத் தாண்டின. இந்தச் சாதனையை ஆளுந்தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டுகிறது. இந்தியா 1982இல் இணைந்த ராம்சார் உடன்படிக்கையின் அடிப்படைக் கொள்கை, ஈரநிலத்தை அறிவார்ந்து பயன்படுத்துவது என்பதே, பூட்டி வைப்பதன்று. பயன்படுத்துவோர் யார் என்ற பட்டியல் இல்லாமல் அறிவார்ந்த பயன்பாட்டைத் திட்டமிட முடியாது.

மீன்வளத் துறையின் கண்ணிலும் நத்தை படவில்லை. பிகாரில் 2006ஆம் ஆண்டின் நீர்நிலை மேலாண்மைச் சட்டப்படி குளங்களும் ஏரிகளும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்படுகின்றன. கணக்கு மீனுக்கே. மத்திய அரசு 2020ஆம் ஆண்டில் 20,050 கோடி ரூபாய் மதிப்பில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தை அறிவித்தது. அதன் இலக்கும் மீன் உற்பத்திதான். குத்தகைதாரர் மீன் குஞ்சு விட்ட குளத்தில் நத்தை எடுக்க இறங்கும் பெண்ணுக்கு உரிமை உண்டா, இல்லையா என்பது குத்தகைதாரரின் நல்ல மனத்தைப் பொறுத்ததாகவே இருக்கிறது.

செய்யக்கூடியது என்ன?

இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பதிவேடு எழுத வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் நெருக்குதலுக்குப் பின் நாடு முழுவதும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பதிவேடுகள் எழுதப்பட்டன. அவசரத்தில் எழுதப்பட்டவை பல என்ற குறை உண்டு. அந்தப் பதிவேடுகளில் எந்தக் குளத்தில், எந்த மாதத்தில், யார், எந்த நத்தையை எடுக்கிறார்கள், எந்த நோய்க்குப் பயன்படுத்துகிறார்கள் என்று சேர்த்து எழுதினால், அதுவே நாளை உரிமைக்கான சான்றாகும். பாரம்பரிய மருத்துவ அறிவை வணிக நிறுவனங்கள் எடுத்துக்கொண்டால் பங்கு கேட்கவும் அது உதவும்.

குத்தகை ஒப்பந்தத்தில் வீட்டுத் தேவைக்கு நத்தை எடுக்கும் உரிமையை ஒரு வரியில் சேர்க்கலாம். மழைக்காலத் தொடக்கத்தில் முட்டையிடும் சில வாரங்களுக்குக் கரையோரத்தை விட்டுவைப்பது, சிறியவற்றைத் திரும்ப நீரில் விடுவது போன்ற கட்டுப்பாடுகளை எடுப்பவர்களையே கலந்து முடிவு செய்யலாம். கடலில் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர்களுக்கு நிவாரணம் தரும் நாட்டில், இந்த ஏழைகளுக்கும் அந்த வாரங்களில் வேலையோ உதவியோ அளிப்பது இயலாததன்று. சந்தைக்கு வரும் நத்தையில் நஞ்சு எவ்வளவு என்று மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால், நத்தைக்கு மட்டுமல்ல, அந்தக் குளத்தின் நீரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பயன்.

மக்கானா வாரியம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சேற்றில் மூழ்கி விதை எடுப்பவர்களுக்கு அதன் பலன் உண்மையில் சேர்ந்தால் அது பெரிய காரியம். ஆனால் மக்கானா விலை உயர உயர, குளங்களின் மதிப்பும் குத்தகைத் தொகையும் உயரும். வேலி வரும்; காவல் வரும். அப்போது அதே கரையில் கூடையுடன் நிற்பவர்களுக்கு என்ன பதில் என்பதை வாரியம் இப்போதே யோசிக்க வேண்டும். குளத்தின் ஒரு விளைச்சலுக்கு நாடாளுமன்றம் வரை இடம் கிடைத்திருக்கிறது. இன்னொரு விளைச்சலை நம்பியிருப்பவர்களும் இந்நாட்டு வாக்காளர்கள்தாம்.